ஏரியிலிருந்து எண்பது தப்படி: முதல் முறை கூடாரம் போடுபவர்களுக்கு

காட்டு ஏரி ஒன்றின் கரையில் நான் முதன்முதலாகக் கூடாரம் போட்ட இடம், தண்ணீரிலிருந்து சரியாக நாலு தப்படி. கதவைத் திறந்தால் ஏரி, மூடினால் அலைச் சத்தம். இப்படி ஓர் இடம் பிடித்ததற்காக அன்று சாயங்காலம் முழுக்க என்னை நானே மெச்சிக்கொண்டிருந்தேன். நடு ராத்திரியில் முகத்தில் சொட்டென்று ஒரு துளி விழுந்தது. மழையோ என்று வெளியே எட்டிப் பார்த்தால் வானம் நிறைய நட்சத்திரம். துளி வந்தது கூடாரத்தின் உள்பக்கத்திலிருந்து. என் மூச்சுக்காற்றுதான் குளிர்ந்த துணியில் பட்டுத் தண்ணீராகிச் சொட்டிக்கொண்டிருந்தது. விடிவதற்குள் படுக்கை நனைந்துவிட்டது, உடம்பெல்லாம் கொசுக்கடி, பற்கள் தந்தியடித்தன.

ஏரியைப் பார்க்கத்தான் போகிறோம். ஆனால் தூங்குவது அதன் மடியில் வேண்டாம், கொஞ்சம் தள்ளித்தான். இந்த ஒரு விஷயம் அன்றே தெரிந்திருந்தால் மற்றதெல்லாம் தானே சரியாகியிருக்கும். மரங்கள் சூழ்ந்த, கூட்டமில்லாத ஏரிப் பூங்காவில், வண்டி போகும் தூரத்தில், ஓரிரு ராத்திரி தங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மலையேற்றமோ பனிக்கால முகாமோ வேறு சமாச்சாரம்.

படி 1: வீட்டிலேயே ஒருமுறை போட்டுப் பாருங்கள்

புதுக் கூடாரத்தை முதன்முதலாகப் பிரிப்பது ஏரிக்கரையாக இருக்கக் கூடாது. வீட்டு முற்றத்திலோ மொட்டை மாடியிலோ ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். எந்தக் கம்பி எந்த வளையத்தில் நுழைகிறது, மழைக்கான மேலுறையின் எந்தப் பக்கம் வெளியே வரவேண்டும் என்பதெல்லாம் அப்போதே பிடிபட்டுவிடும். கூடாரத்தைத் தரையில் இறுக்கும் முளைகளை எண்ணிக்கொள்ளுங்கள். எப்படியும் ஒன்றிரண்டு தொலையும் என்பதால் நாலைந்து கூடுதலாக இருக்கட்டும்.

'இரண்டு பேர் கூடாரம்' என்று எழுதியிருந்தால் இரண்டு பேர் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு படுக்கலாம், அவ்வளவுதான். பைகளுக்கு இடமிருக்காது. இரண்டு பேருக்கு மூன்று பேர் கூடாரம் வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

படி 2: பணத்தைப் பாயில் போடுங்கள்

புதிதாகப் போகிறவர்கள் தடிமனான ஸ்லீப்பிங் பேக் வாங்கிவிட்டு, அடியில் விரிக்க வீட்டுப் போர்வையை எடுத்துக்கொண்டு போவார்கள். ராத்திரி நடுங்குவார்கள். காரணம் எளிது. ஸ்லீப்பிங் பேக் சூடு தருவதில்லை. அதிலுள்ள பஞ்சுக்கு நடுவே அடைபட்டிருக்கும் காற்று நம் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. நாம் மேலே படுத்ததும் அடிப்பக்கப் பஞ்சு நசுங்கிக் காற்று வெளியேறிவிடும். அப்புறம் நமக்கும் தரைக்கும் நடுவில் தடுப்பு என்று எதுவும் இல்லை. தரை விடிய விடிய நம் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

அந்தத் தடுப்பு வேலையைச் செய்வது பாய்தான். முகாமுக்கென்று விற்கும் பாய்களில் 'ஆர் மதிப்பு' என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். எண் கூடக்கூடத் தரைக் குளிர் ஏறுவது குறையும். வெதுவெதுப்பான ராத்திரிகளுக்கு 2 போதும். உறைபனிக்குப் பக்கத்தில் போகும் என்றால் 4 அல்லது அதற்கு மேல் வேண்டும். காற்று நிரப்பும் மெத்தை தடிமனாக இருப்பதால் கதகதப்பாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். உள்ளே பஞ்சோ தடுப்போ இல்லாத சாதாரண காற்று மெத்தை முதுகை மெத்தென்று வைக்குமே தவிர, குளிரை நிறுத்தாது.

ஸ்லீப்பிங் பேக்கில் 'கம்ஃபர்ட்', 'லிமிட்' என இரண்டு வெப்பநிலைகள் அச்சிட்டிருந்தால் கம்ஃபர்ட் எண்ணை மட்டும் பாருங்கள். லிமிட் என்பது சுருண்டு படுத்து எப்படியோ சமாளிக்கிற நிலை.

உடைகளில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். தூங்குவதற்கென்று ஒரு செட் உலர்ந்த துணியும் காலுறையும் தனிப் பையில் கட்டி வையுங்கள். பகலில் என்ன ஆனாலும் அதைத் தொடக் கூடாது. வேர்த்த பருத்திச் சட்டையோடு படுத்தால் எவ்வளவு நல்ல பாயும் காப்பாற்றாது.

படி 3: வெளிச்சத்தில் போய்ச் சேருங்கள்

சூரியன் மறைவதற்கு மூன்று மணி நேரம் முன்னால் அங்கே இருக்க வேண்டும். இடம் பார்க்க ஒரு மணி, கூடாரமும் படுக்கையும் தயாராக ஒரு மணி, சமையலுக்கு ஒரு மணி. மரங்கள் அடர்ந்த இடத்தில் இருட்டு சீக்கிரமே வந்துவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

எவ்வளவு நேரம் மிச்சமிருக்கிறது என்று பார்க்கப் பழைய உத்தி ஒன்று இருக்கிறது. கையை நேராக நீட்டி, உள்ளங்கை முகத்தைப் பார்க்க, விரல்களைப் படுக்கவாட்டில் சேர்த்து வையுங்கள். சூரியனின் கீழ் விளிம்புக்கும் எதிர்க்கரைக் கோட்டுக்கும் நடுவே எத்தனை விரல் அடங்குகிறது? விரலுக்குச் சுமார் 15 நிமிடம். நான்கு விரல் என்றால் ஒரு மணி நேரம். வெயிலை நேராக வெறித்துப் பார்க்காமல் செய்யுங்கள்.

கிளம்புவதற்கு முன்பே, எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். அமைதியான ஏரி என்றாலே பெரும்பாலும் செல்போன் சிக்னலும் அமைதியாகிவிடும்.

படி 4: இடம் பார்ப்பது

இதில் அவசரப்படாதீர்கள். மொத்த ராத்திரியும் இந்த ஒரு மணி நேரத்தில்தான் முடிவாகிறது.

முதலில் தூரம். தண்ணீரின் விளிம்பில் நின்று, காட்டுப் பக்கமாக எண்பது தப்படி நடங்கள். ஏறக்குறைய 60 மீட்டர் வரும். பொறுப்பாக முகாமிடுகிறவர்கள் உலகம் முழுக்கக் கடைப்பிடிக்கும் அளவு இது. பூங்கா நிர்வாகமே எண் போட்டு இடம் ஒதுக்கியிருந்தால் அதில்தான் போட வேண்டும். அந்த எல்லைக்குள் தண்ணீரை விட்டு எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளுங்கள்.

ஏன் இவ்வளவு தூரம்? குளிர்ந்த காற்று கனமானது. ராத்திரியில் அது தண்ணீர் போலவே சரிவில் வழிந்து பள்ளத்தில் போய்த் தேங்கும். ஒரு வட்டாரத்தின் மிகத் தாழ்ந்த இடம் எது? ஏரிக்கரைதான். போதாததற்கு அங்கே காற்றில் ஈரப்பதமும் அதிகம். குளிரும் ஈரமும் சேர்ந்தால் கூடாரத் துணியில் பனி கோக்கும், என் முகத்தில் விழுந்த துளி போல. கரையிலிருந்து சில மீட்டர் மேடேறினாலே வித்தியாசம் உடம்பில் தெரியும். இன்னொரு காரணம், அந்தக் கரை நமக்கு மட்டும் சொந்தமில்லை. ராத்திரியில் தண்ணீர் குடிக்க வரும் விலங்குகளுக்கு அதுதான் வாசல். வழியில் கூடாரம் நின்றால் அவை தாகத்தோடு திரும்பிப் போகும். நாணலும் புதரும் இருக்கிற கரையை நாம் மிதித்துத் தேய்த்துவிட்டால் மண்ணும் கரைந்து ஏரிக்குள் போகும்.

இடம் ஓரளவு தேறியதும் அண்ணாந்து பாருங்கள். காய்ந்த கிளை ஏதாவது தொங்குகிறதா, பட்டுப்போன மரம் சாய்ந்து நிற்கிறதா? இருந்தால் அந்த இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். காற்றே இல்லாத ராத்திரியிலும் காய்ந்த கிளை முறிந்து விழும். சுற்றிலும் எதுவுமில்லாமல் தனியாக ஓங்கி நிற்கும் ஒற்றை மரத்தடியும் கூடாது; இடி அதைத்தான் தேடும்.

அப்புறம் தரை. ஏற்கனவே பலர் கூடாரம் போட்டுப் புல் தேய்ந்த இடம் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக ஒரு புல்வெளியைக் கொல்ல வேண்டியதில்லை. ஆனால் நடுவில் கிண்ணம் போல் குழிந்திருந்தால் விட்டுவிடுங்கள், மழை பெய்தால் அது குளம். சருகும் குச்சியும் ஒரே கோடாக ஒதுங்கிக் கிடந்தால் தண்ணீர் முன்பு அதுவரை வந்திருக்கிறது என்று அர்த்தம். எறும்புப் புற்று இருக்கிறதா என்றும் ஒரு பார்வை.

கடைசியாக, யாராவது பார்க்கிறார்களே என்று வெட்கப்படாமல் அந்த இடத்தில் படுத்துப் பாருங்கள். முதுகில் குத்தும் கல், வேர் எல்லாம் அப்போதுதான் தெரியும். லேசான சரிவு இருந்தால் தலை மேட்டுப் பக்கம் வரட்டும். மாறிப் படுத்தால் காலையில் தலைவலி நிச்சயம்.

படி 5: கூடாரத்தை நிறுத்துவது

முதலில் தரைவிரிப்பு. அது கூடாரத்தின் அடித்தளத்தைவிடச் சற்றுச் சிறியதாக இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீரை அள்ளி நேராக உங்கள் முதுகுக்கடியில் கொண்டுவந்து சேர்க்கும். பெரிதாக இருந்தால் விளிம்பை உள்பக்கமாக மடித்துவிடுங்கள்.

காற்று வரும் திசைக்குக் கதவு முதுகைக் காட்ட வேண்டும். ஏரிப் பக்கத்தில் ஒரு வேடிக்கை உண்டு. வெயில் நாளில் காற்று ஏரியிலிருந்து கரைக்கு வீசும். ராத்திரியில் நிலம் சீக்கிரம் குளிர்ந்துவிடுவதால் கரையிலிருந்து ஏரிக்குத் திரும்பும். மத்தியானக் காற்றை மட்டும் நம்பித் திசை பார்க்காதீர்கள்.

முளையை நேர்க்குத்தாக அடிக்காமல், அதன் தலை கூடாரத்தை விட்டு விலகிச் சாயும்படி சுமார் 45 பாகையில் இறக்குங்கள். கயிறு இழுக்கும்போது அது பிடுங்கிக்கொண்டு வராது. மண் பொலபொலவென்று இருந்தால் மேலே ஒரு கல்லைத் தூக்கி வையுங்கள். கயிறுகளில் வெள்ளைத் துணிக் கிழிசலைக் கட்டிவிட்டால் ராத்திரி தடுக்கி விழ மாட்டீர்கள். நான் விழுந்திருக்கிறேன்.

மேலுறையை விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். அது உள்துணியோடு ஒட்டவே கூடாது. ஒட்டிய இடத்தில் ஈரம் உள்ளே வரும். இதைவிட முக்கியம், மேலே இருக்கும் காற்றுத் திறப்புகளைக் குளிருக்குப் பயந்து மூடாதீர்கள். மூச்சிலுள்ள ஈரம் வெளியேற வழி அதுதான். வலைக்கதவு மூடியிருக்கட்டும், துணிக்கதவின் மேல்பகுதி ஒரு சாண் திறந்திருக்கட்டும்.

படி 6: தண்ணீரும் அடுப்பும்

எதிரே ஏரி நிறையத் தண்ணீர் இருந்தாலும் குடிக்கவும் சமைக்கவும் தண்ணீரை வீட்டிலிருந்து எடுத்துப் போவதுதான் முதல் முறைக்கு நல்லது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். ஏரித் தண்ணீரைத்தான் குடித்தாக வேண்டும் என்றால் கொப்பளித்துக் கொதிக்கும் நிலையில் ஒரு நிமிடம் விடுங்கள். கடல் மட்டத்திலிருந்து 2000 மீட்டருக்கு மேல் என்றால் மூன்று நிமிடம். கிருமிகள் சாகும்.

ஆனால் கொதிக்க வைத்தும் தீராத ஒன்று இருக்கிறது. தண்ணீரின் மேல் பச்சைப் பெயின்ட் கொட்டியது போலவோ பட்டாணி அரைத்துக் கரைத்தது போலவோ படலம் தெரிந்தால் அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அதில் சில வகைகள் விடும் நச்சு, கொதித்தாலும் போகாது. குடிக்கவும் குளிக்கவும் வேண்டாம், நாயையும் இறங்க விடாதீர்கள்.

சமையலுக்குச் சின்ன கேஸ் அடுப்பு போதும். தட்டையான கல்லின் மேல், காற்றுக்கு மறைவாக வையுங்கள். குளிர் காலத்தில் போகிறவர்கள் வெறும் பியூட்டேன் நிரப்பிய குப்பியை நம்ப வேண்டாம். அது சுழியம் பாகைக்குப் பக்கத்தில் ஆவியாக மறுத்துவிடும், அடுப்பு சோகமாக எரியும். புரொப்பேன் கலந்த குப்பி கேளுங்கள்.

மழை வந்தாலும் சரி, எவ்வளவு குளிர்ந்தாலும் சரி, அடுப்பையோ தணலையோ கூடாரத்துக்குள் கொண்டுபோகாதீர்கள். தீப்பிடிப்பது மட்டுமல்ல பயம். எரிவதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார். இதில் 'கொஞ்ச நேரம்தானே' என்பதற்கு இடமே இல்லை.

பாத்திரம் கழுவுவதும் சோப்பு போட்டுக் குளிப்பதும் ஏரிக்குள் வேண்டாம். 'மக்கும் சோப்பு' என்று எழுதியிருந்தாலும் அது மக்குவது மண்ணில்தான். வாளியில் தண்ணீர் மொண்டு, அதே எண்பது தப்படி தள்ளிப் போய்க் கழுவி, மண்ணில் பரவலாகத் தெளித்துவிடுங்கள்.

படி 7: நெருப்பு, வேண்டுமென்றால் மட்டும்

அனுமதி இருந்தால், ஏற்கனவே கல் அடுக்கி வைத்திருக்கும் குழியில் மட்டும். கூடாரத்திலிருந்து குறைந்தது 5 மீட்டர். ஒரு பொறி பறந்தால் நைலானில் ஓட்டை. தொலைவிலிருந்து விறகு கொண்டுவராதீர்கள், மரத்தைத் துளைக்கும் பூச்சிகள் அதோடு பயணம் செய்து புதுக் காட்டை அழித்த கதைகள் நிறைய. அனுமதித்தால் தரையில் காய்ந்து விழுந்த, மணிக்கட்டைவிடப் பருமன் இல்லாத, கையால் முறியும் குச்சிகள் போதும்.

அணைப்பதைப் படுக்கப் போவதற்கு அரை மணி முன்பே ஆரம்பியுங்கள். தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடி ஊற்றி, 'உஸ்' சத்தம் நிற்கும்வரை. கடைசியில் புறங்கையைச் சாம்பலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு தெரிந்தால் இன்னும் அணையவில்லை.

என்னைக் கேட்டால், ஒரு ராத்திரியாவது நெருப்பே இல்லாமல் உட்கார்ந்து பாருங்கள் என்பேன். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். நெருப்பை வெறித்தபடி இருந்தால் அது நடக்கவே நடக்காது. பழகிவிட்டால் ஏரியில் நட்சத்திரம் மிதப்பது தெரியும். தலையில் மாட்டும் டார்ச்சில் சிவப்பு வெளிச்சம் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

படி 8: இருட்டிய பிறகு

சாப்பாடு, குப்பை, பற்பசை, வாசனை சோப்பு என்று மணம் உள்ள எதுவும் கூடாரத்துக்குள் இருக்கக் கூடாது. வண்டிக்குள் பூட்டிவிடுங்கள், அல்லது பூங்காவில் அதற்கென்று பெட்டி இருந்தால் அதில். எலிகூடப் பிஸ்கட்டுக்காகக் கூடாரத்தைக் கடித்து ஓட்டை போடும்.

பொழுது சாயும் வேளைதான் கொசுவுக்குக் கொண்டாட்டம். கொசு பலவீனமாகப் பறக்கும் பூச்சி, லேசான காற்றிலேயே தடுமாறும். அதனால் அந்த ஒரு மணி நேரம் காற்றாடும் இடத்தில், முழுக்கைச் சட்டையோடு இருங்கள். வலைக்கதவைத் திறந்ததும் மூட மறக்காதீர்கள். புல்லில் நடந்திருந்தால் படுக்கும் முன் முழங்காலுக்குப் பின்புறம், இடுப்பு, அக்குள், காதுக்குப் பின்புறம் எங்காவது உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தோலை ஒட்டிச் சின்ன இடுக்கியால் பிடித்து, திருகாமல் நேராக இழுங்கள். சூடு வைப்பது, எண்ணெய் ஊற்றுவது எல்லாம் வேண்டாம்.

குரலைத் தாழ்த்துங்கள். இது வெறும் மரியாதைக்காகச் சொல்வதில்லை. தெளிந்த ராத்திரிகளில் தண்ணீரை ஒட்டிய காற்று, மேலே இருக்கும் காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. குளிர்ந்த காற்றில் ஒலியின் வேகம் குறைவு. அதனால் மேலே எழும்பிச் சிதறியிருக்க வேண்டிய ஒலி வளைந்து திரும்பக் கீழே இறங்கி, ஏரியின் மேலேயே வழுக்கிக்கொண்டு அக்கரைக்குப் போய்விடும். ஒருமுறை எதிர்க்கரையில் இரண்டு பேர், கடன் வாங்கித் திருப்பித் தராத ஒரு மைத்துனரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததை நான் தொகை உட்பட முழுசாகக் கேட்டேன். அவர்களுக்கு என் குறட்டையும் கேட்டிருக்கும்.

படி 9: ஏரியில் இறங்குவது, இடி

மேல் தண்ணீர் வெதுவெதுப்பாக இருப்பதை வைத்து ஏரியை எடை போடாதீர்கள். வெயில் காலத்தில் ஆழமான ஏரியில் சூடான நீர் மேலே ஒரு படலமாகவும், குளிர்ந்த நீர் கீழேயும் தனித்தனியாக நிற்கும். திடீரென்று குளிர்ந்த நீருக்குள் போனால் உடம்பு தன்னையறியாமல் மூச்சை வாரி இழுக்கும்; அந்த நேரம் வாய் தண்ணீருக்குள் இருந்தால் ஆபத்து. எம்பிக் குதிக்காமல் நடந்து இறங்குங்கள், கரையை ஒட்டியே இருங்கள், தனியாக வேண்டவே வேண்டாம்.

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணுங்கள். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். ஆனால் கணக்குப் போட்டுக்கொண்டு நீரில் நிற்காதீர்கள். இடி காதில் விழுந்தாலே நீங்கள் மின்னல் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறீர்கள். கூடாரம் பாதுகாப்பில்லை. கட்டடத்துக்குள் போங்கள், இல்லையென்றால் உலோகக் கூரையுள்ள காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்காருங்கள். கடைசி இடிக்கு அப்புறம் 30 நிமிடம் கழித்தே வெளியே வரலாம்.

படி 10: கழிப்பறையும் கிளம்புவதும்

பூங்காவில் கழிப்பறை இருந்தால் அதுதான். இல்லையென்றால், மறுபடியும் நம் எண்பது தப்படி: ஏரி, நடைபாதை, கூடாரம் மூன்றிலிருந்தும் அவ்வளவு தள்ளி, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டி, வேலை முடிந்ததும் தோண்டிய மண்ணாலேயே மூடுங்கள். அந்த ஆழத்தில்தான் மக்கச் செய்யும் உயிர்கள் அதிகம். காகிதத்தை ஒரு பையில் கட்டித் திரும்ப எடுத்து வாருங்கள்.

காலையில் அவசரமாகக் கட்டாதீர்கள். விடியலில் வெதுவெதுப்பான தண்ணீர் மேல் குளிர்ந்த காற்று படியும்போது ஏரி முழுக்க ஆவி பறக்கும். வெயில் ஏறியதும் அரை மணியில் காணாமல் போகிற அந்தக் காட்சிக்கு ஒரு டம்ளர் தேநீரோடு கரைக்கு நடந்து போங்கள். கூடாரம் அதற்குள் வெயிலில் கொஞ்சம் காய்ந்திருக்கும். திரும்பி வந்து முளைகளை எண்ணி எடுங்கள், இடத்தை ஒரு சுற்று நடந்து பொட்டுக் குப்பையும் பொறுக்குங்கள்.

வீட்டுக்கு வந்த அன்றே, எவ்வளவு அலுப்பாக இருந்தாலும், கூடாரத்தைப் பிரித்து நிழலில் விரித்துவிடுங்கள். தொட்டால் காய்ந்தது போலத்தான் இருக்கும். தையல் மடிப்புகளில் ஈரம் ஒளிந்திருக்கும். அப்படியே சுருட்டி வைத்துவிட்டு அடுத்த பயணத்துக்குத் திறந்தால், பூஞ்சை வாடையோடு கருப்புப் புள்ளிகள் வரவேற்கும். அவை எதற்கும் போகாது. என் முதல் கூடாரம் அப்படித்தான் போனது.